ஹாரன் அடிக்காமல் விழுப்புரம் வரை

நான் வேலை பார்க்கும் நாட்டின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் பாலைவனம் இருக்கிற எல்லா நாட்டுக்கும் துபாய் என்று ஒரே பெயர்தான். நான் இருப்பது துபாய் இல்லை என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "சரி சரி, துபாய்ல எந்த எடம்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இப்போது நானும் அதை விட்டுவிட்டேன்.

அங்கே முதல் நான்கு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுபிடி வேலை. நாற்காலி தூக்குவது, குழாய் மாற்றுவது, மணல் கூட்டுவது. காலையில் கூட்டிய வாசலில் மத்தியானம் மறுபடி மணல் வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் திட்டிக்கொண்டே கூட்டுவேன். திட்டினால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது. வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிப்போய்க் கிடக்கும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீரும் வருகிற இந்த விவகாரம் புரியாமல் முதல் வாரமே தோளைச் சுட்டுக்கொண்டேன்.

ஊர் வளர்கிற வேகம் இன்னொரு பேஜாரு. யாருக்காவது வழி சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு அடையாளம் வேண்டும். புளிய மரத்தைத் தாண்டி, டீக்கடை ஓரமாக, மாவு மில்லுக்கு எதிரே என்று சொல்லியே பழகிய வாய். அங்கே நான் கண்டுபிடித்த ஒரே பெரிய அடையாளம் ஒரு மஞ்சள் கிரேன். "கிரேனுக்கு இடது பக்கம் திரும்பு" என்று அறைக்குப் புதிதாக வரும் ஒருவனுக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்குள் அங்கே கட்டடம் முடிந்து, கிரேன் வேறு இடத்துக்குப் போயிருந்தது. பாவம், அவன் அந்தக் கிரேனைத் தேடிக்கொண்டு வெயிலில் ஊர் சுற்றியிருக்கிறான். எதிரே தெரிகிற கடைக்குப் போக அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் புதிதாக ஆறு வழிச் சாலை வந்திருக்கும். அடுத்த மாதம் அந்தக் கடையே இருக்காது.

இதையெல்லாம் குறையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு அந்த ஊரைப் பிடிக்கும். என்னைப் பாடாய்ப் படுத்தியது மணலோ வெயிலோ இல்லை, அந்த ஊர் டிரைவிங் டெஸ்ட்.

நான் டிரைவர். துபாய்க்குப் போனதால் டிரைவர் ஆனவன் இல்லை, போவதற்கு முன் எட்டு வருடம் திண்டிவனத்துக்கும் கிளியனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் நடுவில் மினி பஸ் ஓட்டியவன். மினி பஸ் டிரைவருக்கு ஹாரன்தான் வாய். டீக்கடைக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டு, கண்டக்டருக்கு டீ ஊற்று என்று அர்த்தம். எப்போதும் தாமதமாக வரும் வாத்தியாருக்கு நீளமாக ஒன்று, சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்க என்று அர்த்தம். அம்மன் கோயிலைத் தாண்டும்போது லேசாக ஒன்று, அது அம்மனுக்கு. கிளியனூரைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில், திண்டிவனத்துத் தையல் வகுப்புக்குப் போகும் ஒரு பெண் ஏறுவாள். அவளுக்கு இரண்டு சின்னது, ஒரு நீளம். அது என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

பஸ் முதலாளி ரூட்டை விற்றுவிட்டார். அதன் பிறகுதான் நான் விமானம் ஏறினேன். போய்ச் சேர்ந்து, லைசன்ஸ் எடுத்து, பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம் என்பது திட்டம். பஸ் டிரைவர் ஆனால் இரண்டு அறை வீடு ஒன்று கொடுப்பார்கள். மனைவிக்கும் வேலை உண்டு, பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் அம்மா வேண்டுமே. என் மனைவி திண்டிவனத்தில் ஒரு நர்சரிப் பள்ளி வேனில் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பொருந்தி வந்தது, லைசன்ஸ் மட்டும் வரவில்லை.

முதல் டெஸ்ட்டில் வண்டி நகரவே இல்லை. ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிளம்புகிறோம் என்பதற்காக மரியாதையாக ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்தில் இருந்த அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கலாஸ்" என்றார். அந்த ஊர் பாஷையில் முடிந்தது என்று அர்த்தம். அவசியமில்லாமல் ஹாரன் அடிப்பது அங்கே குற்றமாம். பின் சீட்டில் என்னைப் போல டெஸ்ட்டுக்கு வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார்கள்.

இரண்டாவது முறை ஒரு பூனை குறுக்கே வந்தது. பூனைக்கு ஹாரன் அடித்தேன், போச்சு. மூன்றாவது முறை ஹாரனைத் தொடவில்லை, ஆனால் பின்னால் வந்த காருக்கு வழிவிட ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போப்பா என்று ஆட்டினேன். நான்காவது முறை பயத்தில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன், அது ஹாரனை விடப் பெரிய குற்றமாம். ஐந்தாவது முறைதான் மனசு விட்டுப்போனது. வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்க நின்றிருந்தார். நான் ஒழுங்காக நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, "நான் நின்னுட்டேன், நீங்க போங்க" என்று சொல்வதற்காக லேசாக, மிகவும் லேசாக, ஒரு தட்டு. அந்த மனிதர் பயந்து கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். அதிகாரி என்னைத் திட்டக்கூட இல்லை.

பள்ளியின் போக்குவரத்து மேனேஜர் நல்ல மனிதர். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்போது என்னைக் கூப்பிட்டு, "ஊருக்குப் போய்விட்டு வா. வந்து இன்னொரு தடவை பார். பள்ளி திறக்கிற வரைக்கும்தான் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பேன்" என்றார். அப்படித்தான் ஆடி மாதம் முழுக்க லீவில் வந்து சேர்ந்தேன்.

வீட்டு வாசலில் என் மகள் நின்றாள். ஆறு வயது. அந்த ஆறு வருடத்தில் நான் கூட இருந்தது இரண்டே கால் வருடம். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "வாங்க, உக்காருங்க" என்றாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன், தண்ணீரைக் குடித்தேன். எனக்கு அழுகையாக வந்தது, அதை மறைக்க மனைவியிடம் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று சண்டை போட்டேன்.

அன்று சாயங்காலமே மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "நாளையிலேருந்து எங்க அண்ணன் கார எடுத்துக்கினு போவோம். நான் பக்கத்துல உக்கார்றேன். நீங்க ஹாரன் அடிக்காம ஓட்டணும். அட்ச்சா கோடு போடுவேன்."

"அங்க ரோட்டுல வலது பக்கம் போவணும், இங்க இடது பக்கம். இங்க ஓட்டி இன்னா பிரயோஜனம்?"

"பக்கம் மாறும். கை மாறுமா? அதே கைதான?"

மகளின் பழைய நோட்டு ஒன்றும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு மறுநாளே மனைவி அதிகாரியாகிவிட்டாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்புவோம்.

திண்டிவனத்தில் ஹாரன் அடிக்காமல் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். முதல் நாள் மேம்பாலம் ஏறுவதற்குள் பதினாறு கோடு. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. ஆட்டோ வந்தது, ஆடு வந்தது, என்னோடு படித்தவன் வந்தான். "ஆட்டுக்கு நீங்க சொன்னா புரியுதா?" என்று கேட்டுக்கொண்டே கோடு போட்டாள். நான் கோபத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தேன். என் முன்கோபத்தை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

இரண்டாவது வாரம் பத்துக்குக் கீழே வந்தது. மூன்றாவது வாரம் கிளியனூர் வரை போய்வர நான்கு. ஆடி மாதம் ஆனதால் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றி, ஸ்பீக்கர் கட்டி, சாலையை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் வாயை மூடிக்கொண்டு ஊர்ந்து போனதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிலர், துபாய்க்குப் போனதும் இவனுக்குத் திமிர் ஏறிவிட்டது, பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான் என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. ஹாரன் அடிக்காவிட்டால் எங்கள் ஊரில் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது கடைசிப் பரீட்சை வைத்தாள். திண்டிவனத்தில் புறப்பட்டு, கிளியனூர் வழியாகப் புதுச்சேரி எல்லையைத் தொட்டு, கண்டமங்கலம் போய், விழுப்புரம் சேர்வது. வழியில் ஒரு ஹாரன்கூடக் கூடாது.

கிளியனூரைத் தாண்டினோம். அவளுடைய பழைய நிறுத்தம் வந்தது. என் கட்டைவிரல் தானாக ஹாரன் மேல் போனது. "கோடு போட்ருவேன்" என்றாள், வெளியே பார்த்தபடி. விரலை எடுத்துக்கொண்டேன்.

கண்டமங்கலம் வரை நோட்டில் ஒரு கோடும் இல்லை. அங்கே சாலையோரம் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். சாலையைக் கடக்கத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. தரையில் பாதி அழிந்த வெள்ளைக் கோடுகள்கூட இருந்தன. ஐந்தாவது டெஸ்ட் நினைவுக்கு வந்தது. ஒழுங்காக நிறுத்தினேன். ஹாரனைத் தொடவில்லை. காத்திருந்தேன்.

அந்த அம்மா நகரவில்லை, என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாக நடந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"இன்னாப்பா, வழி தெரியலையா? எங்க போவணும்?"

"வழி தெரியும்மா. நீங்க ரோட்ட தாண்டிப் போங்க. அதுக்குத்தான் நின்னேன்."

"எனக்காவா நின்ன?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ போப்பா. நீ போனப்புறம் நான் போறேன்."

"இல்லம்மா, நீங்க மொதல்ல."

"நீ போ. வண்டிக்காரன நிக்க வெச்சிக்கினு நான் எப்படிப் போறது?"

பின்னால் டவுன் பஸ் வந்து நின்று நீளமாக ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. இந்தப் பக்கம் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, புல்லுக்கட்டை ஓரத்து டீக்கடை ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். "இவ்ளோ சொல்ற. சரி, வளவனூர்ல எறக்கி வுட்ரு. எம் பொண்ணு ஊட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சு" என்றார்.

நான் என்ன செய்வது? ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "ஏம்பா, ஹாரன் எரிஞ்சி போச்சா?" என்று கேட்டார். மனைவி விவரம் சொன்னாள். ஹாரன் அடித்தால் அங்கே லைசன்ஸ் தர மாட்டார்கள், லைசன்ஸ் வந்தால்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்றாள். சாதாரணமாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஒரு மாதமாகக் கோடு போட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு எருமை வரப்பிலிருந்து சாலைக்கு ஏறியது. நான் பிரேக்கை மிதித்தேன். அதற்கு முன்பே மனைவியின் கை பாய்ந்து வந்து ஹாரனை அழுத்திவிட்டது. நீளமாக. எருமை திடுக்கிட்டு நின்றது. கார் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டாள். "இது எம் பேர்ல" என்றாள்.

வளவனூரில் அந்த அம்மாவை இறக்கிவிட்டோம். "எல்லாரும் ஒண்ணா இருங்க. மொதல்ல ஹாரன சரி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு விவரமாகச் சொல்லியும் ஹாரன் ரிப்பேர் என்றே அவர் மனதில் நின்றிருந்தது.

விழுப்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள். "நான் பாத்துக்கினே வர்றேன். நீங்க கோவத்துல ஹாரன் அடிக்கறதே இல்ல. யாருக்கோ எதையோ சொல்றதுக்குத்தான் அடிக்கறீங்க. வாயால சொல்லிட்டா கை சும்மா இருக்கும்ல? அந்த அம்மாகிட்ட பேசிக்கினு இருந்தப்ப கை ஹாரன் பக்கமே போவல."

எட்டு வருடம் பஸ் ஓட்டிய எனக்கு இது தோன்றவில்லை. திரும்பி வரும்போது விக்கிரவாண்டி வழியாக, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். "போங்கண்ணா, போங்க." "தம்பி, பாத்து." "லாரிக்காரரே, நான் பின்னாடிதான் இருக்கேன்." திண்டிவனம் வரை நோட்டில் ஒரு கோடும் விழவில்லை.

ஆறாவது டெஸ்ட். அதே அதிகாரி. ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கெளம்பறோம்" என்று வாய்க்குள் சொன்னேன். வழியில் ஒரு லாரியிடம் பேசினேன். புதிதாக முளைத்திருந்த ஒரு ரவுண்டானாவில் நான்கு பேரிடம் பேசினேன். அதிகாரி என் காதில் ஏதாவது மாட்டியிருக்கிறேனா என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "யாரோடு பேசுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வைஃப், சார்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பதில் அதுதான். கொஞ்சம் உண்மையும் கூட.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையில் இருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். கலாஸ் என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. "பாஸ்" என்றார். நான் வீடியோ காலில் மனைவிக்கு அதைச் சொன்னபோது அவள் நோட்டை எடுத்து, கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் கிழித்தாள்.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அதற்கு மேலும் ஒரு பரீட்சை இருந்தது. மேனேஜர் பொறுத்துக்கொண்டார், அதுவும் முடிந்தது. விசா வர இரண்டு மாதம் ஆனது. நவம்பரில், வெயில் தணிந்திருந்தபோது, மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். குளியலறையில், வெயில் காலத்தில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வரும் என்று விளக்கினேன். "இது கொழா இல்ல, விடுகதை" என்றாள் மனைவி.

மனைவிக்கு முதல் வேலை நாள் காலை. வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடம். நடுவில் ஒரு சாலை. நான் டெஸ்ட்டுக்குப் போனபோது அங்கே சாலையே கிடையாது, வெறும் மணல்தான். இப்போது நான்கு வழி, புத்தம் புது வெள்ளைக் கோடுகள். நான் முன்னாலேயே போய் பஸ்ஸை எடுத்து, கிளம்பத் தயாராகச் சாலையைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். எதிர்ப்பக்கம் மனைவி வேலைக்கான உடுப்பில், மகள் புதுச் சீருடையில், கோடுகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

ஒரு கார் நின்றது. மனைவி நகரவில்லை. அடுத்த வரிசையில் இன்னொரு கார் நின்றது. பின்னால் ஒரு வேன். அவள் அவர்களைப் பார்த்து, போங்க போங்க என்று கையை ஆட்டினாள். அவர்கள் போகவில்லை. அவள் மகளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அவர்கள் போவதற்காக இன்னும் மரியாதையாக ஒதுங்கி நின்றாள். எனக்குப் புல்லுக்கட்டு அம்மா நினைவுக்கு வந்தார். மூன்று வண்டிகள் நின்றுகொண்டே இருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"வாம்மா, உனக்காகத்தான் நிக்கறாங்க" என்று பஸ்ஸுக்குள் இருந்து வாயால் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னால் அவளுக்கு எப்படிக் கேட்கும்?

கட்டைவிரலை ஹாரன் மேல் வைத்தேன். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. கிளியனூர் நிறுத்தத்தில் பஸ் வரும்போது எப்படி நிமிருமோ அப்படியே. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தாள். மகள் பஸ்ஸில் ஏறி எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ப்பா, எனக்கும் ஹாரன் அடிக்கக் குடு" என்றாள். மனைவி படியில் நின்று, பிள்ளைகள் பெயர் எழுதிய புது நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"ஹாரன் அட்ச்சிட்டீங்க. பெயிலு" என்றாள். "வண்டிய எடுங்க, நேரமாச்சு."